ஆறாம் ஆண்டு முடிந்தது, அடுத்து படிவம் ஒன்று: விடுமுறையில் கட்ட வேண்டிய சொற்பாலம்



"டீச்சர், இவனுக்குக் கணக்கே வரலையாம். அங்க சிக்கு சொல்றாங்க."

படிவம் ஒன்று தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் பழைய மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவன் அம்மா பள்ளி வாசலில் நின்றார். ஆறாம் ஆண்டில் கணிதம் என்றால் முதலில் கை தூக்கும் பையன். இப்போது தலை குனிந்து நிற்கிறான். கையில் முதல் சோதனைத்தாள். பாதிக்கு மேல் சிவப்பு மை.

தாளைப் புரட்டினேன். ஓரிடத்தில் ஒரு செவ்வகம். நீளம் 12 செ.மீ., அகலம் 5 செ.மீ. அதன் 'லுவாஸ்' எவ்வளவு என்று கேள்வி. பையன் 5 என்று எழுதியிருந்தான்.

"ஏன்பா அஞ்சுன்னு போட்ட?"

"லுவாஸ்னா அகலம்தானே டீச்சர்? பெரிய திடலைப் பார்த்தா 'பாடாங் லுவாஸ்'னு சொல்வாங்கல்ல?"

"சரி, இதோட பரப்பளவு என்ன?"

"அறுபது சதுர சென்டிமீட்டர்." பேனாவைக்கூட எடுக்கவில்லை. உடனே சொன்னான்.

'லுவாஸ்' என்றால் பரப்பளவு. அகலத்துக்கு மலாயில் 'லேபார்' என்று வேறு சொல் இருக்கிறது. பையனுக்குப் பரப்பளவு தெரியும், பெருக்கவும் தெரியும். அந்தத் தாளில் தெரியாமல் போனது ஒரே ஒரு சொல். ஆனால் வீட்டுக்குப் போன செய்தி என்ன? "இவனுக்குக் கணக்கு வராது."

புதிய பள்ளியாண்டுக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது என்றால் சீருடை, காலணி, புத்தகப்பை என்றுதான் நம் பட்டியல் ஓடுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர வேண்டும். ஆறு ஆண்டுகளாகத் தமிழில் சேர்த்து வைத்த அறிவுக்கு மலாய்ச் சொற்களைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக் கொடுப்பதுதான் அது. அதை எப்படிச் செய்யலாம், யார் செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு சிறு குறிப்பு: படிக்க வசதியாக மலாய்ச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பிள்ளையின் நோட்டில் அவை ரூமி எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழி ஒரு பாடம். கட்டுரை, வாசிப்பு, இலக்கணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கணிதம், அறிவியல், வரலாறு போன்றவற்றைப் பிள்ளை தமிழில்தான் படித்தது. பின்னம், விகிதம், ஒளிச்சேர்க்கை, கருதுகோள் எல்லாம் அதன் மனத்தில் தமிழ்ப் பெயரோடுதான் உட்கார்ந்திருக்கின்றன. படிவம் ஒன்றில் அதே பாடங்கள் மலாயில் வருகின்றன. பக்கத்து நாற்காலியில் இருக்கும் தேசியப் பள்ளி மாணவன் ஆறு ஆண்டுகளாக அதே சொற்களைக் கேட்டு வந்தவன். ஆசிரியர் அவனுக்குத் தெரிந்ததை இவனுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு பாடத்தை நடத்திப் போவார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டி.எல்.பி. எனும் இருமொழிப் பாடத்திட்டம் நடக்கும் தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். புதிய பள்ளியிலும் அதே திட்டம் இருந்தால் அந்த இரு பாடங்களில் சிக்கல் குறைவு. இல்லையென்றால் அவர்களுக்கும் இதே சொற்பாலம் தேவை. வரலாறு, புவியியல் எல்லாம் எப்படியும் மலாயில்தான்.

முன்பு யு.பி.எஸ்.ஆர். இருந்தது. மலாய்மொழித் தாளில் என்ன கிடைத்தது என்று பார்த்தே வீட்டில் ஓர் அபாய மணி அடிக்கும். அந்தத் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டே படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் போனது. தேர்வு போனதில் பிள்ளைக்கு நிம்மதிதான். ஆனால் பிள்ளை பின்தங்குவது இப்போது சீக்கிரமாக வெளியே தெரிவதில்லை. வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "அமைதியான பிள்ளை" என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். படிவம் நான்கில் எந்தப் பாடங்களை எடுப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில்தான் "ஐயோ, கணக்கு விட்டுப்போச்சே" என்று தெரிகிறது. முதல் மாதத்தில் புரியாத சொல்லுக்குக் கொடுக்கும் விலை அவ்வளவு பெரியது.

முதல் வாரம்: பழைய கணக்கு, புதுச் சொல்

கொவிட் காலத்தில் தள்ளிப்போன பள்ளி நாள்காட்டி 2026-இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரம் ஒதுக்குங்கள். நாளுக்கு அரை மணி நேரம், எட்டுச் சொல் போதும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மூன்று வாரத்தில் 120 சொற்கள் கைக்கு வந்துவிடும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். முதலில் தமிழ்ச் சொல். அடுத்து மலாய்ச் சொல். மூன்றாவதில் ஒரு படமோ சின்னக் கணக்கோ. மூன்றாவது பகுதியை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் இது வெறும் மனப்பாடம். 'பரப்பளவு, லுவாஸ்' என்று எழுதிய பிள்ளை பக்கத்தில் ஒரு செவ்வகம் வரைந்து உள்ளே வண்ணம் தீட்டட்டும். 'சுற்றளவு, பெரிமீட்டர்' என்றால் வெளிக்கோட்டை மட்டும் தடித்துப் போடட்டும்.

தொடங்க ஏற்ற சொற்கள் இவை. கூட்டல் 'தம்பா', கழித்தல் 'தோலாக்', பெருக்கல் 'டாராப்', வகுத்தல் 'பஹாகி'. பின்னம் 'பெச்சாஹான்', தசமம் 'பெர்புலுஹான்', விழுக்காடு 'பெராத்துஸ்', விகிதம் 'நிஸ்பா', சராசரி 'புராத்தா'. நீளம் 'பஞ்சாங்', அகலம் 'லேபார்', கோணம் 'சூடுட்', முக்கோணம் 'செகி தீகா'.

இந்த வாரம் புதிதாக ஒரு கணக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பழைய கணக்கையே எடுங்கள். முதலில் தமிழில் செய்யட்டும். பிறகு அதே மாதிரிக் கணக்கை மலாயில் படித்துச் செய்யட்டும். "அட, இது எனக்குத் தெரிஞ்சதுதானே!" என்று பிள்ளை சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம்தான் நமக்கு வேண்டியது.

மலாயில் அதே மாதிரிக் கணக்குக்கு எங்கே போவது? தேசியப் பள்ளியின் ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடநூலை எடுங்கள். தமிழ்ப்பள்ளிக்கும் தேசியப் பள்ளிக்கும் கணிதப் பாடத்திட்டம் ஒன்றுதான், மொழிதான் வேறு. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் மின்னூலாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய பயிற்சி நூல் கிடைத்தாலும் சரி. படிவம் ஒன்று நூலை இப்போதே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். தெரிந்த பாடத்தில் சொல்லைப் பழகிய பிள்ளைக்குப் புதுப் பாடம் தானாக வசப்படும்.

காதில் விழும்போது தலைகீழாகும் இடங்கள்

சொற்களை மட்டும் மாற்றினால் போதாத சில இடங்கள் உண்டு. ஆசிரியர்களே, இவற்றைத் தனியே எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாவது பின்னம். நாம் தமிழில் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். கீழே உள்ள எண் முதலில் வருகிறது. மலாயில் 'துவா பெர் தீகா'. மேலே உள்ள எண் முதலில். தமிழ் வரிசையில் பழகிய காது மூன்றையும் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடும். எழுத்தில் பார்த்தால் தவறு வராது. ஆசிரியர் வாயால் சொல்லும்போதுதான் வரும். பத்துப் பின்னங்களை மலாயில் சொல்லி எழுத வையுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இரண்டாவது கழித்தல். '12-இலிருந்து 5-ஐக் கழி' என்பது நம் வரிசை. மலாயில் 'தோலாக் 5 டாரிபாடா 12'. முதலில் காதில் விழுவது 5. பிள்ளை 5-இலிருந்து 12 போகுமா என்று விழிக்கும். படிவம் ஒன்றில் எதிர்மறை எண்களும் வருவதால், இப்படித் தலைகீழாகச் செய்தாலும் ஒரு விடை வந்துவிடும். அதனால் தவறு என்றே பிள்ளைக்குத் தெரியாது.

மூன்றாவது, ஒரு சொல் இரண்டு வேலை செய்யும் இடம். தமிழில் திரவத்துக்குக் கொள்ளளவு, திடப்பொருளுக்குக் கன அளவு என்று பிரித்துப் படித்தோம். மலாயில் இரண்டுக்கும் 'இசிபாடு' என்ற ஒரே சொல்தான். 'குவாசா' என்றால் அதிகாரம் என்று மலாய்ப் பாடத்தில் படித்திருப்பார்கள். 'பூஞ்சா' என்றால் காரணம். கணிதத்தில் 'குவாசா துவா' என்பது வர்க்கம், 'பூஞ்சா குவாசா துவா' என்பது வர்க்கமூலம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "இரண்டாம் அதிகாரத்துக்கு என்னடா காரணம்?" என்று பிள்ளை தனக்குள்ளேயே குழம்பிக்கொண்டிருக்கும். சிரிப்பு வரும் விஷயம்தான். ஆனால் அது படிவம் ஒன்று கணிதத்தின் ஒரு முழு அதிகாரம்.

இரண்டாம் வாரம்: அறிவியல், புவியியல், வினாச்சொற்கள்

அறிவியலில் படிவம் ஒன்று ஆய்வு முறையில்தான் தொடங்குகிறது. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் என்று நாம் தமிழ்ப்பள்ளியில் ஆண்டுக்கணக்காகச் செய்தவை இவை. உற்றறிதலுக்கு 'பெமெர்ஹாத்தியான்', ஊகித்தலுக்கு 'இன்ஃபெரென்ஸ்', கருதுகோளுக்கு 'ஹிப்போதெசிஸ்', மாறிக்கு 'பெம்போலே உபா'. அடுத்து உயிரணு வருகிறது. அது 'செல்'. விலங்கு 'ஹைவான்', தாவரம் 'தும்புஹான்', ஒளிச்சேர்க்கை 'ஃபோட்டோசிந்தெசிஸ்'. அறிவியலில் மலாய்ச் சொற்கள் பல ஆங்கிலத்தை ஒட்டியே இருப்பதால், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைக்கு இது சுலபம்.

புவியியல் தனிப்பாடமாகப் படிவம் ஒன்றில்தான் வருகிறது. தொடக்கமே திசைகள். வடக்கு 'உத்தாரா', தெற்கு 'செலாத்தான்', கிழக்கு 'தீமோர்', மேற்கு 'பாராட்'. இந்த நான்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். இடைத்திசைகளில்தான் மாட்டிக்கொள்வார்கள். தமிழில் வடக்கையும் கிழக்கையும் சேர்த்தால் வடகிழக்கு. மலாயில் அப்படிச் சேர்த்துப் பார்த்தால் வராது. வடகிழக்கு 'தீமோர் லாவுட்', தென்கிழக்கு 'தெங்காரா', தென்மேற்கு 'பாராட் டாயா', வடமேற்கு 'பாராட் லாவுட்'. வீட்டுக்கூடத்தின் நடுவில் பிள்ளையை நிறுத்தி, நீங்கள் மலாயில் திசை சொல்ல, பிள்ளை திரும்பட்டும். தம்பி தங்கைகளும் சேர்ந்துகொள்வார்கள். பத்து நிமிட விளையாட்டு, ஒரு பாடம் முடிந்தது.

எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானவை வினாச்சொற்கள். கேள்வி என்ன செய்யச் சொல்கிறது என்று புரியாவிட்டால், தெரிந்த விடையும் தாளுக்கு வராது. 'ஞத்தாக்கான்' என்றால் கூறுக. ஒரு வரி போதும். 'ஜெலாஸ்கான்' என்றால் விளக்குக. காரணத்தோடு எழுத வேண்டும். 'செனாராய்கான்' பட்டியலிடுக. 'பண்டிங்கான்' ஒப்பிடுக. 'ஹீத்தோங்' கணக்கிடுக. 'லெங்காப்கான்' நிறைவு செய்க. 'ராமால்கான்' முன்னனுமானித்துக் கூறுக. இந்த ஏழையும் ஓர் அட்டையில் எழுதிப் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். 'ஜெலாஸ்கான்' என்று கேட்ட இடத்தில் ஒற்றை வரி எழுதி மதிப்பெண்ணை விட்ட பிள்ளைகள் ஏராளம்.

பிள்ளை சோர்ந்து போனால் ஒன்றைச் சொல்லுங்கள். மலாய் நமக்கு அவ்வளவு அந்நியமான மொழி இல்லை. 'கப்பால்' நம் கப்பல். 'கெடாய்' நம் கடை. 'பெத்தி' நம் பெட்டி. 'காத்தில்' நம் கட்டில். தமிழிலும் மலாயிலும் வடமொழி வழியாக வந்து சேர்ந்தவையும் உண்டு: 'பூமி', 'வார்னா', 'மூக்கா', 'பஹாசா'. பூமி, வர்ணம், முகம், பாஷை என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் இருந்தால் பயம் பாதி போய்விடும்.

மூன்றாம் வாரம்: வாய் திறக்கும் பயிற்சி

சொல் தெரிந்த பிள்ளையும் வகுப்பில் கேட்கத் தயங்கும். சின்னத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை என்றால் ஆசிரியர்கள் எல்லாருக்கும் அதன் பெயர் தெரியும், அப்பா அம்மாவையும் தெரியும். இங்கே படிவம் ஒன்றில் மட்டுமே பல வகுப்புகள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர். "டீச்சர்" என்று வாய் பழகிய பிள்ளை "சிக்கு" என்று அழைக்க வேண்டும்.

நான்கு வாக்கியங்களை வாய்விட்டுப் பழக்குங்கள். "சிக்கு, சாயா பெலும் ஃபாஹாம்", எனக்கு இன்னும் புரியவில்லை. "போலே சிக்கு ஊலாங் செகாலி லாகி?", இன்னொரு முறை சொல்ல முடியுமா. "ஆபா மக்சூட் பெர்காத்தாஆன் இனி?", இந்தச் சொல்லுக்கு என்ன பொருள். "போலே சாயா கெ தண்டாஸ்?", கழிவறைக்குப் போகலாமா. கடைசி வாக்கியம் சின்ன விஷயமாகத் தெரியலாம். கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

இரண்டாவது வாக்கியத்தில் 'நீங்கள்' என்பதற்கு 'சிக்கு' என்றே சொல்வதைக் கவனியுங்கள். தமிழில் ஆசிரியரை 'நீங்கள்' என்றால் மரியாதைதான். அதை அப்படியே பெயர்த்து 'அவாக்' என்று ஆசிரியரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். பிள்ளைக்கு மனத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் முதல் வாரத்திலேயே "பண்பில்லாத பிள்ளை" என்ற பெயர் வந்துவிடும்.

பழக இடம் தேட வேண்டாம். கடையில் பொருள் வாங்க, உணவகத்தில் சாப்பாடு சொல்ல, புதிய பள்ளிச் சீருடை வாங்க, பிள்ளையையே பேச விடுங்கள். பையனுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை நீளக் காற்சட்டையும், பெண் பிள்ளைக்கு இளநீலப் பினஃபோரும் வாங்கப் போவீர்கள். அளவு என்ன, விலை என்ன, மாற்றிக் கொடுப்பீர்களா என்று பிள்ளை மலாயில் கேட்கட்டும். தப்பாகப் பேசினால் கடையில் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. நீங்களும் அங்கேயே திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னால் போதும்.

பள்ளி காலையா, மதியமா என்றும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடைநிலைப்பள்ளிகளில் படிவம் ஒன்றும் இரண்டும் பிற்பகலில் நடக்கின்றன. காலையில் தனியாக இருக்கும் பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடும், யார் கூட்டிப் போவது, இருட்டியபின் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் முதல் நாளுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை. சில பள்ளிகள் முதல் வாரத்திலேயே ஒரு சோதனை வைத்து வகுப்பைப் பிரிக்கின்றன. சொற்பயிற்சியை விடுமுறையிலேயே முடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

புகுமுக வகுப்பு கிடைத்தால்

மலாய்மொழியில் தேவையான அடைவை எட்டாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களுக்குப் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு இருக்கிறது. "ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்று வீட்டில் பேசுவார்கள். பிள்ளையின் காதில் விழும்படி அப்படிப் பேசாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். கூடப் படித்தவர்கள் படிவம் ஒன்றுக்குப் போக, தான் மட்டும் பின்னால் நிற்கும் வருத்தம் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும்.

உண்மையில் அந்த ஓராண்டு மொழிக்காகவே ஒதுக்கப்பட்டது. நன்றாகப் பயன்படுத்திய பிள்ளை படிவம் ஒன்றில் மற்றவர்களோடு சமமாக நிற்கும். ஆனால் புகுமுக வகுப்பில் இருப்பதால் சொல்லேடு வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. பேச்சு மலாய் ஓராண்டில் சரளமாகிவிடும். பாடச் சொற்கள் தனியே படித்தால்தான் வரும். 'லுவாஸ்' என்று சொல்லத் தெரிந்த பையன்தான் 5 என்று எழுதினான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

"மலாய் வரலன்னா தமிழை விட்டுடலாமா?"

இந்தக் கேள்வியைப் பெற்றோர் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் கேட்கிறார்கள். பதில், வேண்டாம்.

இதுவரை சொன்ன பயிற்சி முழுக்க எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். 'லுவாஸ்' என்ற சொல்லைப் பையன் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பரப்பளவு என்றால் என்ன என்று அவனுக்குத் தமிழில் தெளிவாகத் தெரிந்திருந்ததுதான். தமிழில் தெளிவாக இருப்பதை இன்னொரு மொழிக்கு எடுத்துப் போகலாம். பாலத்துக்கு இரண்டு கரையும் வேண்டும். ஒரு கரையை இடித்துவிட்டால் மறுகரைக்கு எப்படிப் போவது?

இடைநிலைப்பள்ளியில் தமிழ் தானாகக் கிடைத்துவிடாது, கேட்டுப் பெற வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும். ஆகவே பதிவு நாளிலேயே "என் பிள்ளை தமிழ் படிக்கும்" என்று எழுத்தில் கொடுங்கள். பாரத்தில் அதற்கு இடம் இல்லையென்றால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதே பள்ளிக்குப் போகும் மற்ற தமிழ்ப்பள்ளிப் பெற்றோரைத் தேடிப் பேசுங்கள். ஒவ்வொருவரும் "வேற யாராவது கேட்பாங்க" என்று இருந்துவிட்டால் பதினைந்து பேர் இருந்தும் பட்டியலில் மூன்று பேர்தான் இருப்பார்கள். பிறகு பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகு நடக்கும். பிள்ளைக்குக் களைப்புத்தான், பெற்றோருக்கும் அலைச்சல்தான். இருந்தாலும் படிவம் ஒன்றில் விட்ட தமிழை எஸ்.பி.எம். நேரத்தில் பிடிக்க முடியாது. தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டும் எஸ்.பி.எம். பாடங்கள். நாளை தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வர நினைக்கும் பிள்ளைக்கு எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழி இருந்தே ஆக வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு அடுத்த ஆசிரியர்கள் இன்றைய படிவம் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

ஆறாம் ஆண்டு ஆசிரியர்களே, ஆண்டிறுதித் தேர்வு முடிந்தபின் வரும் நாள்கள் பெரும்பாலும் விளையாட்டிலும் வகுப்பறையைத் துப்புரவு செய்வதிலும் போகின்றன. அதில் நாளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் ஐந்து சொல், அறிவியலில் ஐந்து சொல். அட்டை விளையாட்டாகவே நடத்தலாம். சென்ற ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன இரண்டு மாணவர்களை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். நாம் பத்து முறை சொல்வதை அவர்கள் ஒரு முறை சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள்.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களே, அந்தப் பெரிய பள்ளியில் "சாப்பிட்டியாப்பா? பாடம் புரியுதா?" என்று தமிழில் கேட்கக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். முதல் மாதம் முடியும்போது படிவம் ஒன்று மாணவர்களின் கணித, அறிவியல் நோட்டுகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். சொல் தெரியாமல் வந்த தவறும் கருத்து புரியாமல் வந்த தவறும் உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். சக ஆசிரியரிடம், "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், சொல்தான் புதுசு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிடும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, உங்களில் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து இதே பாலத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ஒரு தம்பியோ தங்கையோ இந்த ஆண்டு கடக்கப்போகிறது. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்களை எந்தச் சொல் தடுமாற வைத்தது என்று உங்களுக்குத்தான் நினைவிருக்கும். அது எந்தப் பாடநூலிலும் இல்லை. சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் அடிப்படையும் உறுதிப்படும்.

பெற்றோரிடம் ஒரு கடைசி வார்த்தை சொல்லுங்கள். தங்களுக்கு மலாய் சரியாக வராது, எப்படிச் சொல்லித் தருவது என்று தயங்குவார்கள். சொல்லித் தர வேண்டாம். இரவில் சொல்லேட்டைப் பிள்ளையிடமிருந்து வாங்கி, தமிழ்ச் சொல்லை மட்டும் படித்தால் போதும். மலாய்ச் சொல்லைப் பிள்ளை சொல்லட்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்த அம்மாவாலும் அப்பாவாலும் பாட்டியாலும் இது முடியும்.

அந்தப் பையனுக்கும் அப்படித்தான் செய்தோம். அன்று வாசலிலேயே ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் வரியில் 'பரப்பளவு' என்று அவனே எழுதினான். பக்கத்தில் 'லுவாஸ்' என்று எழுதி, ஒரு செவ்வகம் வரைந்து, உள்ளே 60 என்று போட்டான். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, இவனுக்குக் கணக்கு வருமா டீச்சர்?"

"வரும்மா. முதல்லேர்ந்தே வரும்."